மணல் ஒட்டாத கால்சட்டை

பழனி, விழுப்புரத்திலிருந்து நீ எழுதிய கடிதம் நேற்று வந்தது. மணப்பாறைக்காரர்கள் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள், அதற்கு முன்னால் உனக்குத் திக்குவாய் இருக்கிற விஷயத்தை நானே பக்குவமாக அவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். நீ கேட்டு நான் மறுத்தது குறைவு. இதற்கு மட்டும் சரி என்று எழுதக் கை வரவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் பழைய கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். உன் அப்பா சாய்வு நாற்காலியில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, "அவ்வளவு நீளமா என்ன எழுதற?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். அவர் பக்கத்தைத் திருப்பி வெகுநேரம் ஆகிறது. எனக்குத் தெரியாமல் உனக்குத் தனியாக ஒரு தபால் கார்டு போட்டிருப்பார். போட்டிருந்தால் அதில் எழுதியிருப்பதை நம்பாதே.

முதலில் அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெண்ணின் அப்பா மணப்பாறைச் சந்தையில் மாடு வாங்கி விற்கிறவர். ஒரு காளையை வாங்குவதென்றால் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலு தப்படி நடக்கவிட்டுப் பார்ப்பார். அப்படிப்பட்ட மனுஷர் தென்னூரில் நம் வீட்டுக்கு வந்து, காப்பி குடித்துவிட்டு, மாப்பிள்ளையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் எழுந்தார். "எங்களுக்குப் பரிபூரண திருப்திங்க" என்றார். உன் போட்டோவைத் தவிர உன்னைக் கண்ணால் கூடப் பார்க்காதவருக்கு என்ன திருப்தி? அவர்கள் வண்டி தெரு முனை திரும்பியதும் கல்யாணத் தரகரை வாசலிலேயே பிடித்து நிறுத்தினேன்.

"என் பையனப் பத்தி அவங்ககிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கீங்க?"

"நல்லதத்தாம்மா சொன்னேன். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத பையன்னு சொன்னேன்."

"திக்குவாய்னு சொன்னீங்களா?"

அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். "அதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் தானா தெரிஞ்சுக்குவாங்கம்மா. நாம ஏன் முந்திக்கணும்?"

அந்த வாரமே நான் மணப்பாறைக்குப் போய்ப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தேன். இவ்வளவு அவசரப்படுவதற்கு அவர்கள் பக்கத்திலும் ஏதாவது இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பெண்ணை நடக்கச் சொன்னேன், நடந்தாள். விலாசம் எழுதச் சொன்னேன், குண்டு குண்டாக எழுதினாள். ஊசியில் நூல் கோக்கச் சொன்னேன். தயங்காமல் கோத்தாள். ஒரு குறையும் கண்ணில் படவில்லை. அதுவே எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

என்னைச் சந்தேகப் பிராணி என்று நீ கேலி செய்வாய். பிறவியிலேயே நான் இப்படி இல்லை. உன்னை ஆறு வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு வந்த குணம் இது. நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த அந்தப் பள்ளியின் வாசலில் தினமும் நானேதான் உன்னைக் கொண்டுபோய் விடுவேன். ஒரு நாள் பள்ளியிலிருந்து ஆள் வந்து, "உங்க பையன் ஒரு மாசமா வரவே இல்லையாம், பெரிய வாத்தியார் கேட்டுவரச் சொன்னாரு" என்றான். எனக்கு முதலில் உன் மேல்தான் சந்தேகம். வாசல் வரை என்னோடு வந்துவிட்டு, நான் திரும்பியதும் எந்தச் சந்தில் நுழைகிறாய்? மறுநாள் உன்னை விட்டுவிட்டுப் போகிறவள்போல் போய், திரும்பி வந்து வகுப்பின் பின்பக்கத் தட்டி ஓரமாக நின்றேன். வாத்தியார் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். "உள்ளேன் ஐயா" என்று பிள்ளைகள் எழுந்து சொன்னார்கள். உன் பெயர் வந்தது. நீ எழுந்தாய். வாய் திறந்திருக்கிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, சத்தம் வரவில்லை. பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஆந்தை மாதிரி "உ... உ... உ..." என்றார்கள். வாத்தியார் உன்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

நான் உள்ளே போய்விட்டேன். "என்னங்க இது, பையன் உங்க கண்ணு முன்னால நிக்கிறான்!"

"வாயத் தொறந்து சொல்லலைன்னா வரலைன்னுதாம்மா அர்த்தம். எல்லாப் புள்ளைங்களுக்கும் ஒரே சட்டம்."

உன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு ஆறு வருஷம் உனக்கு நான்தான் பள்ளிக்கூடம். பாதிரிமார் நடத்திய பெண்கள் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள் நான். தமிழும் இங்கிலீஷும் கணக்கும் அதற்குப் போதும். உன் அப்பா அப்போது ரயிலில் கார்டு வேலையில் இருந்தார், ஒரு நாள் வீட்டில் இருந்தால் இரண்டு நாள் வண்டியில். அவர் கொண்டுவந்து போட்ட பழைய டைம் டேபிள்தான் நமக்குப் பூகோளப் புத்தகம், கணக்குப் புத்தகம் எல்லாம். எந்த ஊருக்கு அடுத்து எந்த ஊர், எந்த ஆற்றுக்கு மேல் பாலம், வண்டி தாமதமானால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று நான் கேட்பேன். நான் அரிசி களைந்துகொண்டிருப்பேன், நீ பலகையில் எழுதிக் காட்டுவாய். முக்கியமான விஷயம், வீட்டில் நீ திக்கியதே இல்லை. அது பள்ளிக்கூடம் கொடுத்த வியாதி, என் பக்கத்தில் இருந்தால் அவனுக்கு ஒன்றும் இல்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். அக்கம்பக்கத்தார் தலையை ஆட்டினார்கள். உள்ளுக்குள் வேறு என்னவோ நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

உனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது ஆடிப்பெருக்கு அன்று ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துக்குப் போனோம். காவிரி படியை மூடிக்கொண்டு ஓடியது. கழுத்தில் துணி கட்டிய ஸ்கவுட் பையன்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று, கூட்டத்தை ஆழத்துக்குப் போகாமல் தடுத்தார்கள். அரைக்கால் சட்டை போட்ட வாலிபர் ஒருவர் மண்டபத்துப் படியில் நின்று, இரண்டு கையிலும் சின்னக் கொடி வைத்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். எதிர்க் கோடியில் இருந்த பையன் அதைப் பார்த்துவிட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டினான். ஒரு வார்த்தை பேச்சில்லை. நீ அப்படியே நின்றுவிட்டாய். குளிக்கக் கூப்பிட்டேன், வரவில்லை. அவர் உன்னைக் கவனித்துவிட்டு இறங்கி வந்தார்.

"தம்பி எந்த ஸ்கூல்?"

"ஸ்கூலுக்குப் போகலைங்க. வீட்டுலயே நான் சொல்லிக்குடுக்கறேன்" என்றேன்.

"கொடின்னா புடிக்குமா தம்பி?"

"பிடிக்காம என்ன, சின்னப் பையன்தானே" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே, "நான் தம்பியத்தான் கேட்டேங்க" என்றார். அந்த நிமிஷமே எனக்கு அந்த ஆளைப் பிடிக்காமல் போயிற்று.

ஸ்ரீரங்கத்தில் ஒரு ஹைஸ்கூலில் வாத்தியார், ஸ்கவுட் மாஸ்டரும் அவரே என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஸ்கூல் படிக்காத பிள்ளைகளையும் ஸ்கவுட்டில் சேர்த்துக்கொள்கிறார், அதற்குப் பணம் வாங்குவதில்லை என்றார்கள். என் சந்தேகம் அதனாலேயே கூடியது. ஊரார் பிள்ளைகளைச் சனிக்கிழமைதோறும் வெயிலில் கூட்டிக்கொண்டு அலைகிறவனுக்கு இதில் என்ன லாபம்? சேருகிறவர்கள் கடவுளுக்கும் ராஜாவுக்கும் கடமை செய்வதாகச் சத்தியம் பண்ண வேண்டுமாம். "சீமையில இருக்கிற ராஜாவுக்கு எம்புள்ள எதுக்குச் சத்தியம் பண்ணணும்? இன்னைக்குக் கொடியக் குடுப்பான், நாளைக்குத் துப்பாக்கியக் குடுப்பான்" என்று உன் அப்பாவிடம் சண்டை போட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டே, "பையன் வளர்றான், விடு" என்றார். சனிக்கிழமை மட்டும் என்று சம்மதித்தேன். அந்தச் சத்தியத்தை நீ வாயால் சொல்லவில்லை, கொடியை ஆட்டி ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்தாகச் சொன்னாய் என்று உன் அப்பா வந்து சொன்னபோது, அவர் எதற்கு ஸ்ரீரங்கத்துக்குப் போனார் என்றுதான் நான் கேட்டேன்.

சனிக்கிழமை மட்டும் என்பது சீக்கிரமே செவ்வாய், வியாழன் என்று வளர்ந்தது. பெரிய அணிவகுப்பு வருகிறது, கொள்ளிடத்து மணலில் கொடிப் பயிற்சி என்று ஒரு சீட்டில் எழுதிக் காட்டினாய். டவுன் ஸ்டேஷனில் ரயிலேறினால் ஆற்றைத் தாண்டி அடுத்த ஸ்டேஷன் ஸ்ரீரங்கம். கார்டு மகன் என்று உன்னிடம் யாரும் டிக்கெட் கேட்பதில்லை. போய்விட்டு விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்துவிடுவாய். சனிக்கிழமைகளில் உன் கால்சட்டையைத் துவைக்க எடுத்தால் மடிப்பிலிருந்தும் பையிலிருந்தும் ஒரு பிடி மணல் கொட்டும். செவ்வாய்க்கிழமைக் கால்சட்டையை உதறினால் ஒன்றும் விழாது. திருப்பிப் போட்டு உதறினேன், தையலை விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு பொட்டு மணல் இல்லை. கொள்ளிடத்துக்குப் போனவன் மணல் ஒட்டாமல் எப்படி வருவான்? பிறகு ஒரு நாள் பலகையில் முக்கோணம் போட்டு, மூலைக்கு ஒரு எழுத்து வைத்து, ஏதோ கோணம் என்று கிறுக்கிக்கொண்டிருந்தாய். அது நான் சொல்லிக்கொடுத்ததில்லை, எனக்கே தெரியாது. நான் வந்ததும் கையால் அழித்தாய். சீட்டாட்டமா, கதர்க்காரர்களோடு சேர்ந்து மறியலா, மதம் மாற்றுகிறார்களா, இல்லை அந்த ஆளே சரியில்லாதவனா? யோசிக்க யோசிக்க வரிசை நீண்டுகொண்டே போயிற்று.

அடுத்த வியாழக்கிழமை நீ கிளம்பிய கையோடு நானும் கிளம்பினேன். யாராவது பார்த்தால் கோயிலுக்கு என்று சொல்லிக்கொள்ளலாம் என்று தேங்காய் பழத்தட்டை எடுத்துக்கொண்டேன். நீ முன் பெட்டியில், நான் பெண்கள் பெட்டியில். பாலத்தின் மேல் வண்டி போகும்போது எல்லோரும் காவிரியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் தலையை வெளியே நீட்டி, நீ பாதியில் எங்காவது குதித்துவிடுவாயோ என்று பார்த்துக்கொண்டு வந்தேன். ஸ்ரீரங்கத்தில் இறங்கினாய். கொள்ளிடம் போகிற பாதைப் பக்கம் நீ திரும்பவே இல்லை. நடந்துகொண்டே கழுத்துத் துணியை அவிழ்த்துச் சுருட்டிப் பையில் வைத்தாய். வேஷத்தைக் கலைத்துவிட்டு எங்கே போகிறான்? இரண்டு தெரு கடந்து ஒரு பெரிய கட்டடத்துக்குள் நுழைந்தாய். அது அந்த ஹைஸ்கூல்.

வேப்பமரத்தடியில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்தாய். கரும்பலகைக்குப் பக்கத்தில் அந்த ஸ்கவுட் மாஸ்டர், இப்போது வேஷ்டியும் கோட்டும் போட்டுக்கொண்டு. பூகோள வகுப்பு. காவிரி எங்கே பிறந்து எப்படி வருகிறது என்று கேட்டு, உன் பெயரைச் சொன்னார். நீ எழுந்தாய். வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. ஆறு வயதில் பார்த்த அதே காட்சி. "கு... கு... கு..." குடகு என்ற வார்த்தை என் உதட்டில் வந்து நிற்கிறது. கத்திச் சொல்லிவிடலாம் போல் இருக்கிறது. முன் பெஞ்சில் ஒருவன் கைக்குள் சிரித்தான். வாத்தியார் அவனை அதட்டவில்லை, உன்னையும் உட்காரச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அவசரமே இல்லாதவர்போல் நின்றார். பிள்ளைகளும் காத்திருந்தார்கள். "குடகு" என்றாய். பிறகு அங்கிருந்து ஒவ்வொரு ஊராக, ஒவ்வொரு உபநதியாக, முட்டி மோதிக் கடல் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தாய். என் தட்டில் இருந்த பழம் என் விரல் பட்டு நசுங்கிப்போயிருந்தது. சந்தோஷம் என்று நினைக்காதே. எனக்கு வந்தது கோபம்.

மணி அடித்ததும் நீ தண்ணீர்ப் பானைப் பக்கம் போனாய். நான் வராந்தாவில் அவரை மறித்தேன். "பெத்தவளுக்குத் தெரியாம ஒரு பையனக் கொண்டாந்து வெச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?"

அவர் பயந்துதான் போனார். "வாங்கம்மா, சத்தம் போடாதீங்க, அவன் காதுல விழும். நான் கூப்புடலைங்க. அவனாத்தான் கேட்டான்."

"அவன் எப்படிக் கேப்பான்?"

"கொடியிலம்மா. கொள்ளிட மணல்ல அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் சேதி அனுப்பற பயிற்சி. 'தண்ணீர் அனுப்பு'ன்னு அனுப்பச் சொல்லியிருந்தேன். அவன் 'எனக்குப் பள்ளிக்கூடம் வேண்டும்'னு இங்கிலீஷ்ல அனுப்பினான். நான் தப்பாப் படிச்சுட்டேன்னு நெனச்சு மறுபடி அனுப்பச் சொன்னேன். மறுபடியும் அதேதான்."

"என்னைக் கேக்கணும்னு தோணலையா?"

"நீங்க விடமாட்டீங்கன்னு அவன் சொன்னாம்மா. ஹெட்மாஸ்டருக்குத் தெரியும். வருஷக் கடைசியில பரீட்சை வெச்சுச் சேத்துக்கறதாச் சொல்லியிருக்கார். அவங்கப்பா வந்து சம்மதம் சொல்லிட்டுத்தான் போனார்."

உன் அப்பா! கடிகாரத்தை எடுத்துப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீ திரும்பி வருவதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன். கோயிலுக்குப் போகவில்லை. அந்தத் தட்டோடு அப்படியே அடுத்த வண்டியில் வீடு வந்து சேர்ந்தேன்.

சாயங்காலம் நீ வந்தாய். சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். "இன்னைக்கு என்னடா பண்ணீங்க?" என்று கேட்டேன். பொய்யை உன் வாயாலேயே முழுசாகக் கேட்க வேண்டும் என்று வைராக்கியமாக வாயை மூடிக்கொண்டேன். "கொ..." என்றாய். நான் பேசவில்லை. "கொ... கொ..." நின்றுவிட்டாய். என் முகத்தைப் பார்த்தாய். நான் அப்போதும் பேசவில்லை. உன் கழுத்து நரம்பு புடைப்பதை என் வீட்டில், என் எதிரில், முதல் தடவையாகப் பார்த்தேன்.

"பாத்தியா? அங்க போனதும் பழைய வியாதி திரும்பி வந்துருச்சு" என்றேன்.

நீ தலையை ஆட்டினாய். சொல்லி முடிக்க வெகுநேரம் பிடித்தது. "இ... இல்லம்மா. எ... எப்பவும் இப்படித்தான். நீ... நீ முடிச்சு வெச்சுருவ."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு மெதுவாகப் புரிந்தது. உனக்குப் பசியா என்று கேட்டுவிட்டுப் பசிக்கிறது என்று நானே சொல்வேன். கணக்கில் விடை என்ன என்று கேட்பேன், நீ முதல் எழுத்தைச் சொன்னதும் மீதியை நான் சொல்லிவிடுவேன். வீட்டில் நீ திக்காமல் பேசினாய் என்று ஊரெல்லாம் சொன்னேனே, அந்தப் பேச்சு முழுக்க என்னுடையது. நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய், சாப்பிடவில்லை. "பள்ளிக்கூடத்துக்குப் போ, ஆனா எங்கிட்டச் சொல்லிட்டுப் போ" என்றேன். உன் அப்பாவோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். அவர் அதற்கு அதிகம் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

உன்னைப் புதிய வருஷத்தில் முறைப்படி சேர்த்தோம். அதற்காக அந்த வாத்தியாரை நான் நம்பிவிட்டேன் என்று நினைக்காதே. மாதம் ஒரு தடவை தட்டை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போவதுபோல் போய், வேப்பமரத்தடியில் நின்று பார்த்துவிட்டு வருவேன். அவருக்கு அது தெரியும் என்று நினைக்கிறேன், ஜன்னலை அவர் ஒரு நாளும் மூடியதில்லை. அந்தப் பள்ளியிலும் சிரிக்கிறவர்கள் இருந்தார்கள். ஒரு நாள் சட்டை கிழிந்து, உதடு வீங்கி வந்தாய். நான் புடவையைச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நீ வாசலில் குறுக்கே நின்று, "நா... நான் பாத்துக்கறேன்" என்றாய். எப்படிப் பார்த்துக்கொண்டாய் என்று இன்றுவரை நீ சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளாமல் விட்ட ஒரே விஷயம் அதுதான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்தாய், ரயில்வேயில் தந்தி வேலைக்குப் போனாய். தந்தியில் ஒரு தவறு வராது உனக்கு என்று உன் மேலதிகாரி உன் அப்பாவிடம் சொன்னாராம். வாய் பேச வேண்டாத வேலை என்பதால் நீ அதை எடுத்துக்கொண்டாயோ என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். நான் கேட்கவில்லை. இப்போது உன் கடிதத்தைப் படித்ததும் அந்தச் சந்தேகம் திரும்ப வந்துவிட்டது. பன்னிரண்டு வயதில் திக்குவதற்கென்றே ஆற்றைத் தாண்டிப் போனவன், இருபத்தைந்து வயதில் "நீயே சொல்லிவிடு அம்மா" என்று எழுதுகிறாய். உன்னை யார் பயமுறுத்தியது? விழுப்புரத்தில் யாராவது சிரித்தார்களா? வந்ததும் எனக்குச் சொல்ல வேண்டும்.

ஆகவே நான் சொல்ல மாட்டேன். தரகரும் சொல்லக் கூடாது என்று எச்சரித்துவிட்டேன், உன் அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். இரண்டு பேரையும் நம்பவில்லை, அதனால் நாள் கடத்தாதே. லீவு போட்டுக்கொண்டு வா. நாம் மணப்பாறைக்குப் போவோம். பெண்ணின் அப்பாவுக்கு எதிரில் நீ உட்கார்ந்து உன் பெயர், உன் வேலை, உனக்கு இருக்கிற இந்தக் குறை எல்லாவற்றையும் உன் வாயால் சொல். அவர் மாட்டு வியாபாரி, நேரில் பார்த்த பிறகு வேண்டாம் என்றால் அது அவருடைய பாடு, நாம் காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிடுவோம். நான் உன் பக்கத்திலேயே இருப்பேன். நீ எங்கே முட்டிக்கொண்டு நின்றாலும் ஒரு எழுத்துக்கூட எடுத்துக் கொடுக்க மாட்டேன். அந்தப் பெண் உள்கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். எனக்கு நேராக அந்தக் கதவு தெரிகிற மாதிரி இடம் பார்த்து உட்காருவேன். நீ அடுத்த வார்த்தைக்குத் தவிக்கிறபோது அவள் என்ன செய்கிறாள் என்று பார்க்க வேண்டும். சிரிக்கிறாளா, பரிதாபப்படுகிறாளா, இல்லை அவசரமில்லாமல் காத்திருக்கிறாளா என்று. காத்திருந்தால், அங்கேயே பூ வைத்துவிட்டு வந்துவிடலாம்.